நீ ருசி பார்க்காத குழம்பு

என் பிரியமுள்ள அக்கா,

அடுப்பில் கொதி வரும் நேரத்தில் யாராவது குறுக்கே பேசினால் உனக்குப் பிடிக்காது. இப்போது உன்னிடம் அடுப்பு இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அங்கேயும் அடுப்பு உண்டோ என்னவோ, அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவுப் பூசைக்குச் சொல்லப் போனபோது, நம் கோயிலின் பங்குப் பத்திரிகையில் உன் படமும் நாலு வரியும் போடலாம் என்றார்கள். நாலு வரிக்குள் உன்னை அடக்க எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும் என்று கேட்டேன். நான் வாய் திறந்து கேட்டேன், நம்புவாயா? கொடுத்துவிட்டார்கள். ஆகவே நம் கோயிலைச் சேர்ந்த ஜீவனஹள்ளியும் காக்ஸ் டவுனும் இதைப் படிக்கும். கோபித்துக்கொள்ளாதே.

கணக்குப் பாடம் தொடங்குமுன் அன்றைய தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவது என் வழக்கம். எழுதாவிட்டால் நடுவில் வழி தவறிவிடுவேனோ என்ற பயம். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தப் பயம் ஓய்வு பெறவில்லை. இன்றைய தலைப்புகள்:

1. மரத்தூள் அடுப்பு நம் வீட்டில் இன்னும் எரிகிறது.
2. நான் வைத்த ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு ஏன் சரியாக வரவில்லை.
3. உன் மகன் ஜோசப்பும் மருமகள் ஸ்டெல்லாவும் வந்துபோனார்கள். என்னை மதராஸுக்குக் கூட்டிப்போவது பற்றி ஒரு முடிவு ஆயிற்று.
4. நீ என்னை உப்புப் பார்க்கக் கூப்பிட்டதெல்லாம் பூசைக்கு முந்தின பட்டினியால்தான். வேறு காரணம் இல்லை.

நான்காவதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. வரிசைப்படி வருகிறேன்.

முதலில் அடுப்பு. ஜோசப் எனக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாரநாட்களில் காபிக்கும் கஞ்சிக்கும் அது போதும். வேலை முடிந்ததும் அதை உன் நீலப் புடவைத் துண்டால் மூடி வைத்துவிடுகிறேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கை தானாக மரத்தூள் மூட்டைக்குப் போகிறது. தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, கட்டையால் இடித்து இறுக்கி, பிறகு பாட்டிலைத் திருகித் திருகி மெதுவாக உருவுகிறேன். நடுவில் குழாய் போல ஒரு வழி நிற்கிறது. உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களில் ஸ்டவ் மட்டுமே பார்த்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொன்னேன்.

காலையில் கீழ்த்துளையில் சிராய் வைத்துப் பற்றவைத்தால் மத்தியானம்வரை ஒரே சீராக எரியும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கறியை ஏற்றிவிட்டுக் கோயிலுக்குப் போகிற வீட்டுக்கு அதைவிட நல்ல அடுப்பு ஏது? நீ தாளித்துக் கறியை வதக்கி, அரைத்த மசாலாவைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் தட்டைப் போட்டு மூடி, தட்டின்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெரிய பூசைக்குப் புறப்படுவாய். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே நம் வீட்டுக் குழம்பு உன்னை எதிர்கொள்ளும்.

"இறுக்கமா அடைச்சியா? போன வாரம் மாதிரி இடிஞ்சு விழுந்துச்சுன்னா, கறிய நீயே உக்காந்து ஊதி ஊதி வேகவை" என்பாய். ஒரே ஒரு தடவை இடிந்து விழுந்தது, அக்கா. அதுவும் மழையில் தூள் நனைந்திருந்ததால். நீ கடைசிவரை அதைப் 'போன வாரம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போது அடுப்பு அடைத்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. இறுக்கமாகத்தான் அடைத்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

உன் அடக்கம் முடிந்த மறுவாரமே ஜோசப் ஆரம்பித்துவிட்டான். "மாமா, தனியா எப்படி இருப்பீங்க? ஓட்டல் சாப்பாடு உங்க வயித்துக்கு ஆகாது. மதராஸ் வந்துடுங்க. வீட்ட காலி பண்ணிடலாம்." அவன் அன்பாகத்தான் சொன்னான். யாரிடமும் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று பல மாதம் ஓட்டினேன்.

போகாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். வீடு வாடகை வீடு. ஓடு ஒழுகுகிறது. ஆனால் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், நீ எழுந்திருக்கும்போதெல்லாம் கை ஊன்றி ஊன்றி எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன ஓர் இடம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாலும் மறுபடி தெரிகிறது. அதை மதராஸுக்கு எப்படி எடுத்துக்கொண்டு போவது? இதை ஜோசப்பிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்றைக்கே வண்டி ஏற்றிவிடுவான்.

அதனால் வேறொன்றைச் சொன்னேன். "நானே சமைச்சுக்குவேன்பா."

அவன் சிரித்த சிரிப்பு உன் சிரிப்பு. "நீங்களா? சரி மாமா. நானும் ஸ்டெல்லாவும் ஒரு ஞாயித்துக்கெழம வர்றோம். அம்மா மாதிரி கறிக்குழம்பு வையுங்க. வாயில வெக்கற மாதிரி இருந்தா இங்கயே இருங்க. இல்லேன்னா பேசாம பொட்டியக் கட்டுங்க. சரிதானா?"

சரி என்றேன். அவன் விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, நான் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டேன். ஆயுள் முழுதும் பரீட்சை வைத்தவனுக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்ளத் தெரியும்?

இரண்டாவது தலைப்பு இங்கே தொடங்குகிறது. உன் குழம்பை நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டோன்மெண்டைக் காலி செய்துகொண்டிருந்த சமயத்தில், அத்தானைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தை ஜோசப்போடு தங்கவயலிலிருந்து நீ வந்து இறங்கினாய். நான் அப்போது அறை எடுத்துத் தங்கியிருந்த தனி ஆள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சட்டி வாங்கி வரச் சொன்னாய். அன்றிலிருந்து சமையலறை வாசலில் நின்று பார்த்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். மல்லியும் மிளகாயும் வறுக்கும் பதம், சோம்பும் கசகசாவும் தேங்காயோடு அம்மியில் அரைபடும் நேரம், நூல்கோலை எப்போது போடுவது, எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் குழம்பு வைத்தேன். நிறம் உன் நிறம். வாசனைகூட ஓரளவு வந்தது. நீ கொடுத்தனுப்புவது போலவே ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்குக் கொடுத்தேன். சற்று நேரத்தில் மதில்மேல் அவர் தலை தெரிந்தது.

"ஏன் மேஷ்ட்ரே, குழம்புல உப்பு போட்டீங்களா, உப்புல குழம்பு போட்டீங்களா?"

அடுத்த வாரம் ஸ்பூன் கணக்கில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். "இன்னிக்கு உப்பே இல்ல. உங்களுக்கும் உப்புக்கும் என்ன ஜகளா?" என்றார் ராஜம்மா. அவர் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், இல்லாவிட்டால் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். ஜகளா என்றால் சண்டை. அதற்கு அடுத்த வாரம் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு எடுத்தேன். கறி அன்றைக்குக் கூடுதல், தண்ணீரும் கூடுதல். நடு அளவு எங்கோ போய்விட்டது.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எறக்கறதுக்கு முன்னாடி வாயில விட்டுப் பாக்கறதில்லையா?"

"இல்லைங்க. எங்க அக்கா பார்க்க மாட்டாங்க."

"அது அக்கா. நீங்க அக்காவா?"

"முறை அதுதானே?"

"முறையாம்! குழம்புக்கு முறையாம்!" என்று சிரித்துக்கொண்டே அவர் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீ குழம்பை நாக்கில் வைத்து நான் பார்த்ததில்லை. கரண்டியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பாய், கொதிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாய், அவ்வளவுதான். உண்மையான கைப்பக்குவம் உள்ளவர்களுக்கு ருசி பார்க்க வேண்டியதில்லை என்று நானாகவே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கணக்கைப் போடாமல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்க்கிற பையன்களை நான் கண்டித்திருக்கிறேன். நானே அந்தத் தப்பைச் செய்யலாமா? இப்படியாக வாரா வாரம் உப்பில் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறுகளின் மத்தியானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. நம் தெருவில் எல்லா வீட்டிலும் கறி கொதிக்கும். ஒரு வீட்டு வாசனை இன்னொரு வீட்டு வாசனையோடு கலந்து வரும். நீ இருந்தபோது அதில் நம் வீட்டு வாசனை எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இப்போது என் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே அந்த வாசனையைத் தெருவில் தேடுகிறேன். யார் வீட்டிலாவது தவறிப்போய் வந்துவிடாதா?

மூன்றாவது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மதராஸ் ரயிலில் ஜோசப்பும் ஸ்டெல்லாவும் கண்டோன்மெண்டில் வந்து இறங்கினார்கள். உனக்கு ஒரு செய்தி: ஸ்டெல்லா குளிக்காமல் இருக்கிறாள். மசக்கை அதிகம். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. பாவம், முகம் வாடி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

இன்னொரு செய்தி: பூசை இப்போது தமிழில். சாமியார் நம் பக்கம் திரும்பி நிற்கிறார். அன்றும் நான் முதல் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். இவ்வளவு நாள் லத்தீனில் புரியாமல் சொன்னதையெல்லாம் இப்போது புரிந்து சொல்ல வேண்டியிருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

குழம்பு கொதிக்கத் தொடங்கியது. ஜோசப் சமையலறை வாசலில், முன்பு நான் நின்று பார்த்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூடித் தட்டைக் கையில் எடுத்தேன்.

"உப்பு பாத்தீங்களா மாமா?"

"பார்க்கிறதில்லைப்பா."

"ஏன்?"

"உங்க அம்மா பார்த்ததே இல்லையே."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நிற்க முடியாமல் ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா எப்படி மாமா பாப்பாங்க? பெரிய பூசையில நன்மை வாங்கப் போறவங்களாச்சே! ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி கூடப் படாத வாய். நீங்க மொதல் பூசைக்குப் போய் நன்மை வாங்கிட்டு வந்துடுவீங்க. 'தம்பி, உப்பு பாரு'ன்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. படிக்கிற பேப்பரக் கீழ போட்டுட்டுக் கைய நீட்டிக்கிட்டு ஓடுவீங்களே, நீங்கதானே மாமா பாத்தீங்க இத்தன வருஷமும்!"

நான் தட்டோடு நின்றேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நீ கூப்பிட்டது, உள்ளங்கையில் நாலு சொட்டுக் குழம்பு சுட்டது, எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அதை நான் சமையலோடு சேர்த்து எண்ணியதே இல்லை. பட்டினி முடித்து வந்தவனுக்கு முதல் வாய் கொடுக்கிறாய் என்று நினைத்திருந்தேன். என்ன சொன்னாலும் நீ திட்டத்தானே திட்டுவாய்? நான் 'ஒரு கல்லு குறையுது' என்பேன். 'உனக்கு எப்பவும் ஒரு கல்லு குறையும்' என்பாய். அந்தக் கல்லைப் போட்டாயா இல்லையா என்று நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

ஸ்டெல்லா எழுந்து வந்தாள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கரண்டியை எடுத்தாள். "நீட்டுங்க மாமா. எனக்கு இப்ப வாயே சரியில்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நீட்டினேன். உள்ளங்கைக் குழியில் அதே சூடு. நக்கிப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை, அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஒரு கல்லு குறையுது. தக்காளி ஒண்ணு பிழிஞ்சு விடும்மா. புளிப்பு எட்டல."

"உனக்கு எப்பவும் ஒரு கல்லு குறையும்" என்றான் ஜோசப். விளையாட்டாகத்தான் தொடங்கினான். சொல்லி முடிப்பதற்குள் குரல் உன் குரலாகிவிட்டது. ஸ்டெல்லா தக்காளியைப் பிழிந்துவிட்டு, ஒரு கல் உப்பைப் போட்டாள். நான் மூடி, தட்டின்மேல் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் இருவரும் பெரிய பூசைக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது, "தெருமுனைலயே தெரிஞ்சுடுச்சு மாமா" என்றாள் ஸ்டெல்லா. மூக்கில் முந்தானை இல்லை.

சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். அவளுக்குத் தயிர்ச்சோறு தனியாகப் பிசைந்து வைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் குழம்பு கேட்டாள், நூல்கோல் துண்டுகளைத் தேடி எடுத்துத் தின்றாள், அன்று அவளுக்கு ஒன்றும் வெளியே வரவில்லை. ஜோசப் தலை நிமிராமல் தின்றான். தட்டை வழித்துவிட்டுத்தான் பேசினான்.

"பொட்டிய எடுத்து பரண்ல போட்டுடுங்க மாமா."

"நெசமாவா?"

"கிறிஸ்மசுக்கு நாங்க இங்க வர்றோம். கொழந்த பொறந்ததும் கொஞ்ச நாள் நீங்க அங்க வந்து இருக்கணும். ஒரே கண்டிஷன். வாரா வாரம் நாக்குல வெச்சுப் பாக்கணும்."

அவர்கள் போன பிறகு சட்டி கழுவ மனம் வரவில்லை. மறுநாள்வரை அப்படியே வைத்திருந்தேன். பரீட்சையில் தேறியவன் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் குழம்பு உன் குழம்பாகவே வந்துவிட்ட அன்றைக்குத்தான் உன் இடம் எவ்வளவு காலி என்று தெரிந்தது. குழம்பு வராத வரைக்கும், நீ இல்லாததால்தான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி எதைச் சொல்லிக்கொள்வது?

நான்காவது தலைப்புக்கு வந்துவிட்டேன். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஜோசப் சொன்னது தெளிவாக இருக்கிறது. நீ பட்டினி, நான் பட்டினி முடித்தவன். வீட்டில் வேறு நாக்கு கிடையாது. ஜோசப் சிறு பிள்ளை, பிறகு அவனும் உன்னோடு பெரிய பூசைக்குப் போனான். ஆகவே என்னைக் கூப்பிட்டாய். யாராக இருந்தாலும் கூப்பிட்டிருப்பாய். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எழுதி முடிக்க வேண்டியதுதான்.

ஆனால் எழுதும்போது பேனா நிற்கிறது. நன்மை வாங்கும்வரை பட்டினி கிடக்க வேண்டும் என்ற அந்த விதியைத்தான் நீ இருந்தபோதே தளர்த்திவிட்டார்களே. முதலில் காபி குடிக்கலாம் என்றார்கள். பிறகு நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்புவரை எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். கோயிலில் அறிவித்த அன்று நீ, "இத்தன வருஷம் காஞ்சதுக்கு யாரு கணக்கு சொல்றது?" என்று என்னைக் கேட்டாய். அதற்கப்புறம் பூசைக்கு முன்னால் பின்வாசலில் உட்கார்ந்து, காபியில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டுத்தான் கிளம்புவாய். அப்போதும் வாயில் பன்னை வைத்துக்கொண்டே கூப்பிட்டாய். "தம்பி, உப்பு பாரு."

உன் கடைசி ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. கால் வீங்கி, சில வாரமாகக் கோயிலுக்கே போகவில்லை. சாமியார் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து நன்மை கொடுத்துவிட்டுப் போவார். அன்று ஞாயிறு. உனக்குப் பூசையும் இல்லை, பட்டினியும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி குழம்பு வைத்தாய். காலி காபி டம்ளர் உன் காலடியில் இருந்தது. கரண்டி உன் கையில் இருந்தது. வாய்க்கும் கரண்டிக்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. நான் முன்னறையில் இருந்தேன். வீடு முழுவதும் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டாய்.

ஏன் அக்கா? எனக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றா? உன் நாக்கைவிட என் நாக்கை நம்பினாயா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவரைத் தம்பி என்று கூப்பிட, கூப்பிட்டதும் அவர் வந்து கை நீட்ட, உனக்கும் அது வேண்டியிருந்ததா? நான் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்குகிறவன் என்று உனக்குத் தெரியும். உள்ளே வர வேறு எந்தச் சாக்கும் எனக்குக் கிடைத்திருக்காது.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுப்பை இறுக்கமாக அடைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் கொதி வந்ததும், சுவரில் நீ கை ஊன்றிய இடத்தில் இடது கையை ஊன்றி, வலது உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுப் பார்ப்பேன். ராஜம்மா சிரித்தாலும் சரி, குறைகிற கல்லை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். ஸ்டெல்லாவின் பிள்ளை நடந்து சமையலறைக்கு வரும் வயதில் நான் இருந்தால், அதையும் சத்தமாகக் கூப்பிடுவேன்.

பையன்கள் கரும்பலகையில் தப்பாகப் போட்டதை நான் அழிப்பதில்லை, உனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பேன். மேலே நான்காவதையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

அது தப்பு, அக்கா.

எப்போதும் ஒரு கல்லு குறைகிற,
உன் தம்பி
அந்தோணி